வெள்ளிக்கிழமைப் புத்தகங்கள்

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். முழங்கால் வலி குறைந்ததா? புரூக்ளினில் இன்னும் குளிர் விடவில்லை.

நூலகத்தில் என்னைக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நூலகம் இருக்கிற பரோ பார்க் பகுதியில் ஆசாரமான யூதக் குடும்பங்கள்தான் அதிகம். பல வீடுகளில் டிவி கிடையாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை ஷபாத், அவர்களுடைய புனித ஓய்வு நாள். அந்த நேரத்தில் விளக்கு சுவிட்சைத் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், பிள்ளைகள் வண்ணம் தீட்டவும் கூடாது. பொத்தானை அமுக்கினால் பாட்டு வரும் புத்தகங்களும் உதவாது. வெறும் தாளும் படமும் கதையும் வேண்டும். அதனால் வெள்ளி காலையில் அம்மாக்கள் வந்து பை நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள்.

மதம் சார்ந்த புத்தகங்கள் அவர்கள் வீட்டிலேயே நிறைய உண்டு. என்னிடம் கேட்பது பொதுவான கதைகளை. காதல் கூடாது, அப்பா அம்மாவை எடுத்தெறிந்து பேசக் கூடாது, கிறிஸ்துமஸ் கூடாது. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆறு பிள்ளைகள் உள்ள ஓர் அம்மாவிடம் ஆர்னால்டு லோபலின் தவளை, தேரை கதைகளைக் கொடுத்தேன். 1976இல் வந்த தொகுப்பு அது. ஐந்து கதைகளில் கடைசிக் கதை கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நடக்கிறது. நான் அதுவரை படித்துப் பார்க்கவில்லை! அவர் கோபிக்கவில்லை. "மற்ற நாலும் தங்கம்" என்றார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காமல் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை.

எல்லா வீடும் ஒன்றுபோல இல்லை. உலகம் எத்தனை கோடி வருஷம் பழையது என்று எழுதியிருப்பது தங்கள் மத நம்பிக்கைக்கு ஒத்துவராததால் சிலர் டைனோசர் புத்தகங்களை வேண்டாம் என்பார்கள். அது எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் பிள்ளை என்ன படிக்கிறது என்று இத்தனை அக்கறையாகப் பார்க்கிற அம்மாக்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம், ராபர்ட் மெக்ளாஸ்கி 1941இல் எழுதிய வாத்துக் கதையை அதே அம்மாவிடம் கொடுத்தேன். பாஸ்டன் தெருவில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி, தாய் வாத்தையும் எட்டுக் குஞ்சுகளையும் கடக்க விடுவார். போன ஷபாத் முழுக்க அவர்கள் வீட்டு நடையில் கடைக்குட்டி கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினானாம். தாத்தாவும் நின்றாராம்.

உன் பேரன் இப்போது என்ன படிக்கிறான்? மறக்காமல் எழுது.

உன்,
வசந்தி