காவின் (கலியாணப்) பதிவில பொண்ணுட கையெழுத்தும் வேணும்: நீதி அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்கள், கொழும்பு
விடயம்: 1951ம் ஆண்டு 13ம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தத் திருத்துறது சம்பந்தமா

மதிப்புக்குரிய அமைச்சர் ஐயா,

நாங்க கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பெண்கள். டீச்சர்மார், வீட்டில தையல் வேல பாக்குறவங்க, சவூதி குவைத் என்டு போய் உழைச்சிட்டு வந்தவங்க, கெம்பஸ் படிக்கிற புள்ளைகள் என்டு எல்லாரும் சேர்ந்துதான் இத எழுதுறம். எங்கட சட்டத்தயே இல்லாமலாக்குங்க என்டு கேக்க நாங்க வரல்ல, அத முதல்ல சொல்லிடுறம். நிக்காஹ், மாப்பிள பொண்ணுக்குக் குடுக்கிற மஹர், கணவன் மௌத்தானா இல்லாட்டி பிரிஞ்சா பொண்ணு காத்திருக்கிற இத்தா எல்லாம் எங்கட ஈமானோட சேர்ந்தது, அத விட்டுக்குடுக்க எங்கள்ல ஒருத்தருக்கும் மனசில்ல. மார்க்கம் எங்களுக்குத் தந்தத இந்தச் சட்டம் தராம வெச்சிருக்குது, அதுதான் எங்கட முறைப்பாடு.

எங்கட பக்கம் கலியாணம் என்டா பொண்ணுக்கு வீடு குடுக்கணும், மாப்பிள வந்து பொண்ணுட வீட்டிலதான் இருப்பாரு. அந்த வீட்டக் கட்டுறதுக்காகவே எத்தின உம்மாமார் பச்சப்புள்ளைய பெத்தும்மாக்கிட்ட விட்டுட்டு வெளிநாடு போய் அடுத்தவங்கட குசினியில நின்டிருக்காங்க. அப்படிப் போறதுக்கு பாஸ்போர்ட்ல கையெழுத்து, ஏஜென்சி அக்ரிமென்ட்ல கையெழுத்து, பேங்க் லோனுக்கு கையெழுத்து, நொத்தாரிசு உறுதி எழுதக்குள்ள கையெழுத்து. எல்லாத்துக்கும் பொம்புளட கையெழுத்து செல்லும். ஆனா அவட கலியாணத்தப் பதியிறப்ப மாப்பிளயும் வலியும் (பொண்ணுட பொறுப்பாளர்), அதாவது வாப்பா இல்லாட்டி காக்கா (அண்ணன்), அவங்க கையெழுத்து வெச்சா போதும், பொண்ணு வெக்கணும் என்டு சட்டத்தில எங்கயும் இல்ல. "கேட்டம், சம்மதம் என்டா" என்டு வலி சொன்னா சரி, அவ உள்ள அறையில அழுதுகிட்டு இருந்தாலும் பதிவு பதிவுதான்.

இதுதான் இஸ்லாமா ஐயா? ஹதீஜா நாயகி வியாபாரம் செஞ்சவங்க, நபி (ஸல்) அவங்களக் கலியாணம் முடிக்க விருப்பம் என்டு தானே சொல்லி அனுப்பினவங்க. கன்ஸா பின்த் கிதாம் என்ட பெண்ண அவங்கட வாப்பா விருப்பமில்லாம கட்டிக்குடுத்தப்ப அவங்க நபியவங்கக்கிட்ட போய் சொன்னாங்க, அந்தக் கலியாணம் செல்லாது என்டு தீர்ப்பு வந்திச்சு, புகாரி ஹதீஸ் தொகுப்பில இருக்குது. மதரஸாவில சின்னப் புள்ளையிலயே இதப் படிச்சி வளர்ந்த எங்களுக்கு, கையெழுத்துக் கேக்குறது மார்க்கத்துக்கு விரோதம் என்டு இப்ப சிலர் சொல்லக்குள்ள மனசு தாங்குதில்ல.

வயசு விஷயம். நாட்டில மத்த எல்லாருக்கும் 1995லயே 18 என்டு ஆக்கிட்டாங்க. எங்கட சட்டத்தில ஆகக் குறஞ்ச வயசு என்டு ஒண்டே இல்ல, 12க்குக் கீழ உள்ள புள்ள என்டா மட்டும் காதிட, அதாவது எங்கட கலியாண, விவாகரத்து விஷயம் பாக்குற நீதிபதிட அனுமதி வேணும், அவ்வளவுதான். தண்டனைச் சட்டக்கோவையிலயும் 16க்குக் கீழ உள்ள புள்ளைய வன்புணர்வில இருந்து பாதுகாக்கிற பிரிவு, 12க்கு மேற்பட்ட மனைவி என்டா விலக்கு என்டு சொல்லுது. ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதுறதுக்கு முந்தியே படிப்ப விட்டுட்டு கலியாணம் முடிச்சிப் போன புள்ளைகள எங்கள்ல டீச்சரா இருக்கிறவங்களுக்குத் தெரியும், நல்லாப் படிச்ச புள்ளைகள். அனாதைகளிட சொத்த ஒப்படைக்கக்கூட அவங்களுக்கு விவேகம் வந்திருக்குதா என்டு பாக்கச் சொல்லுது குர்ஆன் (4:6), ஒரு புள்ளட முழு வாழ்க்கைய ஒப்படைக்க அது தேவையில்லையா?

அடுத்தது காதி கோடு, அதாவது காதிட நீதிமன்றம். காதியா வாறவர் ஆம்பிளையா இருக்கணும் என்டு சட்டமே சொல்லுது, மேன்முறையீடு கேக்குற காதிகள் சபையிலயும் ஆம்பிளைகள்தான். லோயர் வைக்கவும் ஏலாது. கணவன் தலாக் சொல்ல காரணம் சொல்லத் தேவையில்ல, மனைவி பஸஹ் (கணவன்ட குத்தத்தக் காட்டிக் கேக்குற விவாகரத்து) கேட்டா சாட்சியோட நிரூபிக்கணும், அடிச்சது வீட்டுக்குள்ள நடந்திருக்கும், சாட்சிக்கு யாரக் கூட்டிட்டு வாற? ரெண்டு புள்ளையோட தாபரிப்பு (செலவுக் காசு) கேட்டுப் போன ஒரு பொண்ணுக்குத் துணையா எங்கள்ல ஒருத்தர் போயிருந்தாங்க. காதிட வீட்டு முன் விறாந்த, சுத்தி ஆம்பிளைகள், படுக்கையறை விஷயத்தயெல்லாம் அவங்களுக்கு முன்னால வெச்சே கேட்டிருக்காங்க, அந்தப் புள்ள தலையத் தூக்காம அழுதிருக்கா. பிறகு காதி கட்டளை போட்டும் காசு வரல்ல, வசூலிக்க மஜிஸ்ட்ரேட் கோட்டுக்கு அலையணும். காதிமாரயும் முழுசா குத்தம் சொல்ல ஏலா, ஒழுங்கான கட்டடமும் இல்ல, பயிற்சியும் இல்ல, குடுக்கிற அலவன்ஸ் பேப்பர் பேனைக்கே காணாது. மலேசியா, இந்தோனேசியா, பலஸ்தீன் எல்லாத்திலயும் ஷரீஆ நீதிமன்றத்தில பெண் நீதிபதிகள் இருக்காங்க, அவங்கெல்லாம் முஸ்லிம் இல்லையா?

நீதியரசர் சலீம் மர்சூப் அவங்கட தலைமையில இந்தச் சட்டத்தத் திருத்த 2009ல குழு போட்டாங்க, 2018லதான் அறிக்கை வந்திச்சு. 2021ல திருத்தத்துக்கு அமைச்சரவை அனுமதியும் குடுத்திச்சு. அதுக்குப் பிறகு ஆட்சி மாறிச்சு, அமைச்சர்மார் மாறினாங்க, சட்டம் மாறல்ல. ஆனா 2019 ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு கிழமையில முகத்த மூடத் தடை வந்திச்சு, எங்கட உடுப்பு விஷயத்தில அரசாங்கத்துக்கு அவ்வளவு அவசரம் இருந்திச்சு. பிறகு ஒரே நாடு ஒரே சட்டம் என்டு செயலணி போட்டு, முஸ்லிம்கள வெறுத்துப் பேசினவரயே தலைவராக்கினாங்க. எங்கட கஷ்டத்த எங்கட சமூகத்துக்கே எதிரா திருப்புறவங்களோட நாங்க இல்ல. என்ஜிஓ காசுக்குப் பேசுறாளுகள் என்டு ஊருக்குள்ள சொல்லுறவங்களுக்குப் பயந்து வாய மூடவும் மாட்டம்.

அதனால ஐயா, பொண்ணு தானே கையெழுத்து வெச்சாத்தான் கலியாணம் பதியலாம் என்டு முதல்ல கொண்டு வாங்க, இதுக்கு இன்னொரு குழு தேவையில்ல. வயச 18 ஆக்குங்க, தண்டனைக்கோவையில உள்ள அந்த விலக்கயும் எடுங்க. காதி பதவிக்கு பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்டு ஆக்கி, வாற ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டம் படிச்ச தகுதியும், விசாரிக்க மறைவான ஒரு அறையும், தாபரிப்ப அங்கயே வசூலிக்கிற அதிகாரமும் குடுங்க. ரெண்டாங் கலியாணத்துக்கு காதிக்கு நோட்டீஸ் குடுத்தா போதும் என்டு இருக்கிறத மாத்தி, முதல் மனைவியக் கூப்பிட்டுக் கேக்கணும், ரெண்டு குடும்பத்தயும் பாக்க வசதி இருக்குதா என்டு விசாரிக்கணும்.

திருத்த வரைபு வாறப்ப இங்கிலீஷ்ல மட்டும் விடாம தமிழ்லயும் வெளியிடுங்க. அதப் பத்திப் பேசக் கூப்பிடுற கூட்டத்துக்கு உலமாக்களயும் எம்பிமாரயும் கூப்பிடுற மாதிரி, காதி கோட்டுக்கு ஏறி இறங்கின பெண்களயும் கூப்பிடுங்க, கொழும்புக்கு வர நாங்க ரெடி.

இப்படிக்கு,
கிழக்கு மாகாண முஸ்லிம் பெண்கள்