சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கட்டடங்களை அலுவலகங்களாகவும் கலையரங்குகளாகவும் மாற்றுவது வரவேற்க வேண்டிய வேலை. 2012 தீ விபத்தில் சிதைந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலசமஹால் சீரமைக்கப்பட்டு, இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் 'பூச்சு வேலை' என்று மட்டும் எழுதிவிட்டால், வருவது சிமென்ட்தான்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பூச்சு வழியாகவே அதை வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தோடு பூச்சு பெயர்ந்து விழும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் ஈரம் உள்ளேயே தங்கும், வெள்ளையடிப்பதே சரி. சிமென்ட் பூச்சை உளியால் கையாலேயே கொத்தி எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் செங்கல் உடையும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, ஒரு பூச்சு 12 மி.மீ. தாண்டாமல் பூசி, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். இதை அவசரமாக முடிக்க முடியாது. திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். தேக்குச் சட்டங்கள் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனையில்தான். ஒழுகலும் கரையானும் கண்ணில் படாமல் போனால், சட்டம் இறங்கிய பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; சத்தம் மந்தமாக இருந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். உளுத்த பகுதியை மட்டும் அறுத்து, புதுத் தேக்கை இரும்புத் தகடும் போல்ட்டும் போட்டு இணைக்கலாம். முனையைச் சுற்றி ஒரு விரல் அளவு காற்றிடைவெளி விடுங்கள்.

இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்க வேண்டும். நிலையான இருக்கை இல்லாத, மக்கள் கூடும் அரங்கு என்றால் 500 கிலோ. குடியிருந்த மாடியை அப்படியே அரங்காக்கினால் தாங்காது. புத்தக அலமாரியும் யூபிஎஸ் பேட்டரியும் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

மின்கம்பிக்காகச் சுவரைக் கிழிக்காதீர்கள். சுவர்மேலேயே குழாயில் கொண்டுபோகலாம். ஏசி தண்ணீர்க் குழாயைச் சுவரை விட்டுத் தள்ளி வடிகாலில் சேருங்கள்.

புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்னொரு கட்டடம் அப்படி விழாமலிருக்க, இனிவரும் ஒப்பந்தங்களிலாவது கலவையின் விகிதம், ஊறவைக்கும் நாள், சட்டமுனைச் சோதனை ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாக எழுதி, அவற்றுக்கு விலை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடச் சீரமைப்புப் பணியாளர்கள்,
சென்னை.