கோரமண்டலமா, கொரமண்டலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பழைய துறைமுகங்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் நம் கிழக்குக் கடற்கரையின் பெயர் தலைப்பில் ‘கோரமண்டலம்’, உள்ளே ‘கொரமண்டல்’, படக்குறிப்பில் ‘கரமண்டலக் கரை’! புதுச்சேரி அச்சகம் ஒன்றில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்கக் கை ஒப்பவில்லை.

மூன்றில் எது சரி என்று கேட்டால், மூன்றும் வேண்டாம் என்பேன். சோழமண்டலக் கரை என்றே எழுதலாமே. போர்த்துக்கீசியர் இப்பெயரை எழுதியபோது முதலெழுத்தின் ஒலி சகரம்தான். ழகரம் மட்டும் அவர்கள் வாயில் ரகரமாயிற்று. பின்னால் வந்த ஐரோப்பியர் அந்தச் சகரத்தைக் ககரமாக வாசிக்க, சோழன் காணாமல் போனான். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இது. பழவேற்காட்டுக்கு வடக்கேயுள்ள கரிமணல் என்ற ஊரைக் காட்டியவர்களும் உண்டு. அந்த வாதம் எடுபடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் ‘கொரொமாந்தெல்’ என்பார்கள், பாதியை மூக்கிலேயே நிறுத்திக்கொண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

“கடலூரும் புதுச்சேரியும் சோழநாடா? நடுநாடல்லவா?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் முதலாம் ராஜராஜன் காலத்திலேயே, நமக்கு வடக்கேயுள்ள தொண்டைமண்டலம்கூட ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆகிவிட்டது. பெயர் காவிரிக் கரையோடு நின்றுவிடவில்லை.

ரயிலுக்கு வைத்த பெயரை மாற்றச் சொல்லவில்லை. 1820இல் அங்கு போன ஒரு கப்பலால் நியூசிலாந்தில் ஒரு தீபகற்பத்துக்கே கோரமண்டல் என்று பெயர். அதுவும் அப்படியே இருக்கட்டும். பேச்சில் புழங்குவதையும் யாரும் தடுக்க முடியாது. 2006இல் சட்டப்படி புதுச்சேரி ஆன பிறகும் கடலூர் பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ‘பாண்டி, பாண்டி’ என்றுதான் கூவுகிறார்கள். அச்சு அப்படியல்ல. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். கோரம் என்பதற்குத் தமிழில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து கோட்டை வாங்கிய எங்கள் தேவனாம்பட்டினம், அவர்களுடைய ஏடுகளில் ‘தெக்னாபட்டம்’. அதை இன்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது அப்படி அச்சிடுமா? சோழமண்டலத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதையாவது ‘போர்ட்டோ நோவோ’ ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.