தெரிஞ்சே தப்பா எழுதுற பேரனைப் பத்தி

பாப்பா,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு. நேத்து நீ சொன்னதைப் பத்திப் போன்லயே பேசியிருக்கலாம். ஆனா நீ பாதியில கட் பண்ணுவே, இல்லன்னா நான் கத்துவேன். அதான் எழுதுறேன்.

விடை தெரிஞ்சும் பரீட்சையில வேணும்னே தப்பா எழுதி வெக்கிறான்னு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்கன்னே. கேட்டதுக்கு, "ஃபர்ஸ்ட் வந்தா படிப்ஸ்னு ஓட்டுறாங்க, ஆட்டத்துல சேத்துக்க மாட்டேங்கிறாங்க"ன்னு அழுதான்னே. உனக்கு அந்தப் பசங்க மேல கோவம். எனக்கு வரலை. எம்.ஜி.ஆர். 1982ல சத்துணவு கொண்டாந்த கொஞ்ச நாள்ல கரண்டியைக் கையில பிடிச்சவ நான். தட்டோட வரிசையில நிக்கிறப்போ பிள்ளைங்க என்ன பேசும்னு வாத்தியாருங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஒரு பையன் இன்னொருத்தனை "இன்னாடா, பெரிய கலெக்டரா நீ?"ன்னு சீண்டினா, முந்தின ராத்திரி அவன் வீட்டுல எவளோ ஒருத்தி "அவன் மூத்திரத்தை வாங்கிக் குடிடா, அப்பவாவது புத்தி வரும்"னு திட்டியிருப்பா. அம்மாவைத் திருப்பித் திட்ட முடியுமா? அந்தக் கோவத்தை எடுத்துட்டு வந்து நல்லாப் படிக்கிற பிள்ளை மேல கொட்டுறான். படிப்பு மேல அவனுக்கு ஒரு பகையும் இல்லை.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இது முன்னாடியெல்லாம் இவ்வளவு இல்லை. பின்னித் துணி மில்லு ஓடின காலத்துல தாத்தன், அப்பன், பிள்ளைன்னு ஒரே கேட்டுல போயிட்டு வந்த குடும்பங்க இருந்துச்சு. பிள்ளை படிச்சா சந்தோஷம், படிக்கலைன்னாலும் சோறு இருக்குன்னு விட்டாங்க. 1996ல அதை மூடினப்புறம் பத்தாவது மார்க்கு ஒண்ணுதான் வாசல்னு எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. பயந்த மனுஷங்க பிள்ளைங்களைத் தராசுல வெச்சுப் பாப்பாங்க. நீ படிக்கிறப்போ ரிசல்ட் அன்னிக்குப் பேப்பரைப் பாத்திருப்பியே, ஸ்டேட் ஃபர்ஸ்டுக்கு அப்பா அம்மா லட்டு ஊட்டுற போட்டோ. அதைக் காட்டியே எத்தனை வீட்டுல சோத்துத் தட்டைப் பிடுங்கினாங்கன்னு எனக்குத் தெரியும். 2017ல அரசாங்கமே ரேங்க் சொல்றதை நிறுத்திடுச்சு, நல்ல காரியம். ஆனா வீட்டுக்குள்ள சொல்ற ரேங்கை யார் நிறுத்துறது?

அப்புறம் நீ வாட்ஸாப்புல அனுப்பின அந்த அமெரிக்காக்காரங்க ஆராய்ச்சி. முல்லர், ட்வெக்னு ரெண்டு பொம்பளைங்க 1998ல எழுதினது. ரெண்டு தடவை படிச்சேன். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் புதிர் குடுத்து, கொஞ்சப் பேரை "நீ புத்திசாலி"ன்னும், கொஞ்சப் பேரை "நல்லா உழைச்சிருக்கே"ன்னும் மெச்சியிருக்காங்க. புத்திசாலின்னு பேர் வாங்கினதுங்க அப்புறம் சுலபமான கணக்காப் பாத்து எடுத்திருக்கு, கஷ்டமானது வந்ததும் துவண்டிருக்கு. வாங்கின மார்க்கை எழுதச் சொன்னப்போ அதுங்கள்ல பத்துல நாலு பிள்ளை கிட்ட மார்க்கைக் கூட்டி எழுதியிருக்கு. எனக்கு ஆச்சரியமே இல்லை. பேர் குடுத்தா அதைக் காப்பாத்தணும் இல்ல? ஆனா அந்தப் பிள்ளைங்க எழுதினது வேற ஸ்கூல்ல இருக்கிற, யாருன்னே தெரியாத ஒரு பிள்ளைக்கு. நம்ம பிள்ளை நாப்பது ஜோடிக் கண்ணுக்கு நடுவுல உக்காந்திருக்கான். அவன் மார்க்கைக் கூட்டி எழுதலை, குறைச்சு எழுதுறான். பேருக்குப் பயந்து பண்றதுல ரெண்டும் ஒண்ணுதான்.

அதனால மாப்பிள்ளைகிட்ட பக்குவமாச் சொல்லு. அவர் நல்ல மனுஷர், பிள்ளை மேல உசிரு. ஆனா விருந்தாளி வந்தா "பொறவி ஜீனியஸ்"னு சொல்லி அவனை ஹாலுக்குக் கூப்பிட்டு பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வெக்கிறார் பாரு, அது வேணாம். பொங்கலுக்கு வந்தப்போ பாத்தேன். ஒப்பிக்கிறப்போ அவன் கண்ணு பூரா வந்தவங்க பிள்ளை மேல இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சி சுருங்கிப் போச்சு, அப்புறம் இவன்கூட விளையாட வரவே இல்லை.

இங்க ஒரு வேடிக்கை சொல்றேன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, 2024ல அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகப் போட்டியில மூணு தங்கம் ஜெயிச்சுட்டு வந்துச்சே, அந்தப் பொண்ணை யாராவது 'படிப்ஸ்' மாதிரி ஒரு பேர் வெச்சு ஓட்டினாங்களா? அந்த ஆட்டத்துக்கு வேண்டிய மூளை கணக்குக்கு வேண்டிய மூளைக்குக் குறைஞ்சதில்லை. ஆனா நம்ம பக்கம் கேரம்ல ஜெயிச்சா கெத்து, கணக்குல ஜெயிச்சா கேலி. நான் யோசிச்சுப் பாத்தேன். கேரம்ல போர்டைச் சுத்தி நாலு பேர் நின்னு பாக்குறாங்க, எப்படி அடிச்சான்னு தெரியுது, தோத்தவனுக்கு அடுத்த ஆட்டம் உடனே இருக்கு. பரீட்சைப் பேப்பர்ல நம்பர் மட்டும்தான் தெரியுது. எப்படிப் போட்டான்னு பக்கத்துப் பையனுக்குத் தெரியாது, தோத்தவனுக்கு அடுத்த ஆட்டம் அடுத்த வருஷம்.

உன்னையும் ஓட்டினாங்க, மறந்திருக்க மாட்டே. பொம்பளப் புள்ள இவ்வளவு படிச்சா எவன் கட்டுவான்னு உங்க அத்தை வேற ஒரு பக்கம். அதுக்கு நான் பதில் பேசலை, பேசியும் பிரயோசனமில்லை. நீ எட்டாவது படிக்கிறப்போ திடீர்னு தெருவுல எல்லாரும் உன்கிட்ட ஃபாரம் நிரப்ப வந்தாங்களே, ரேஷன் கார்டுல பேர் சேக்க, சாதிச் சான்றிதழ் வாங்க, தண்ணி வரலைன்னு மனு குடுக்க. தானா வந்தாங்கன்னு நினைச்சியா? ஒவ்வொரு வீடாப் போய், "என் பொண்ணு எழுதித் தருவா, காசு வேணாம்"னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். உன்னைக் கேலி பண்ணவன் ஒருத்தன் அவன் ஆயாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நம்ம வாசல்ல நின்னான். அதுக்கப்புறம் அவன் வாயைத் திறக்கலை. கபடிக்குக்கூட உன்னைக் கூப்பிட்டாங்க, நீதான் முட்டி தேஞ்சிடும்னு போகலை.

இவன் கிளாஸ்லயும் கணக்கு வராத ஒருத்தன் இருப்பான். அவனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடு, ரெண்டு பேருக்கும் தோசை சுட்டுப் போடு. 'இவன் உனக்குச் சொல்லித் தருவான்'னு மட்டும் உன் வாயால சொல்லிடாதே, கெட்டுடும். அதுங்களா பேசிக்கும். மார்க்கு எவ்வளவுன்னு கேக்காதே, எந்தக் கணக்கு மடக்குச்சுன்னு கேளு. டீச்சரையும் ஒரு தடவை பாத்து, கிளாஸ்ல இவன் பேரைச் சொல்லி மத்தவங்களைத் திட்ட வேணாம்னு கேட்டுக்கோ. அடங்காப்பிடாரி அம்மான்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்.

மே மாசம் அவனை இங்க அனுப்பிடு, ஓசூர் பஸ்ல அப்பா வந்து கூட்டிட்டு வருவார். பின் வீட்டு ஆயாவுக்கு முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, தாசில்தாருக்கு மனு எழுதணும். எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, கண்புரைன்னு டாக்டர் சொல்லிட்டார். தமிழ்ல பிழையில்லாம எழுதுவான் இல்ல? கோடு போட்ட பேப்பர் இங்கயே இருக்கு, வாங்கி அனுப்பாதே.

அம்மா
வியாசர்பாடி