ஏணி புக்கில் இல்லை: மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் உங்களை இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறார்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வண்டி போகிறதென்றால் முதல் நாளே கழுவி, பொட்டு வைத்து, பிரேக்கை நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் தூங்குவார். இந்த மடல் பிரேக்கைப் பற்றி அல்ல. வண்டிக்குப் பின்னால் மாட்டும் ஏணியைப் பற்றி.

என்னிடம் பழைய ஃபோர்ஸ் டிராவலர் வேன் ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டில், சின்னதாக ஓர் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, முறைப்படி எழுதிக் கொடுத்து, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புக்கிலும் மாற்றி வாங்கினேன். நானும் என் மனைவியும் மாதத்தில் பத்து நாள் அதில்தான் குடித்தனம். கூரையில் இரண்டு சோலார் பேனல். ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் அந்த இரண்டையும் நம்பித்தான் ஓடுகின்றன. புளியமரத்தடியில் ஓர் இரவு நிறுத்தினால் போதும், காலையில் காக்கா எச்சமும் சருகுமாக பேனல் மூடிக் கிடக்கும். மதியத்துக்குள் பேட்டரி முனகத் தொடங்கிவிடும்.

கூரை தரையிலிருந்து எட்டடிக்கு மேல். முதல் வருடம் முழுக்க டயரில் ஒரு கால், ஜன்னல் விளிம்பில் ஒரு கால் என்று தொற்றித்தான் ஏறினேன். கீழே பிளாஸ்டிக் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு என் மனைவி திட்டிக்கொண்டே நிற்பார். ஒரு நாள் ஸ்டூல் வழுக்கி முழங்கை பெயர்ந்தபிறகுதான் பின்கதவில் ஏணி மாட்டினேன். இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆர்.சி.யில் முகவரி மாற்றப் போனபோது ஓர் அலுவலகத்தில் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். ஏணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்கீங்களே, எங்க செஞ்சது?" என்றார் அங்கிருந்தவர். அதே ஏணியை, எட்டு மாதம் கழித்து மலையடிவாரச் சோதனை ஒன்றில், "இது புக்ல எங்க இருக்கு?" என்று கேட்டு, கழற்றச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து எட்டு போல்ட்டையும் கழற்றினேன். அபராதம் போடாமல் அனுப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேள்விக்கு எங்கேயும் எழுத்தில் பதில் இல்லாததுதான் என் பிரச்சினை.

சட்டத்தை நானும் புரட்டிப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அதன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி. ஆனால் அதே பிரிவு 52-க்குக் கீழேயே 'மாற்றம்' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து, அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடுவது. எட்டு போல்ட்டில் நிற்கிற ஏணி டிராவலரின் எந்த அடிப்படையை மாற்றிவிட்டது?

இன்னொன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 93. வண்டியின் மொத்த நீளத்தை அளக்கும்போது எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அங்கே ஒரு பட்டியல். முன்னால் செருகிச் சுழற்றும் ஸ்டார்ட்டிங் ஹேண்டில், தபால் பெட்டி (முப்பது சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாதாம், வண்டியில் தபால் பெட்டி தொங்கி நான் பார்த்ததில்லை), ஸ்டெப்னி, இவற்றோடு கூரையில் சாமான் ஏற்றி இறக்குவதற்கான ஏணியும் இருக்கிறது. அதாவது, வண்டிக்குப் பின்னால் ஏணி இருக்கும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? ரூட் பஸ்களின் முதுகில் ஏணி இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். சந்தை நாளில் தக்காளிக் கூடையும் வாழைத்தாரும் கோழிக் கூண்டும் அந்த ஏணி வழியாகத்தானே மேலே போயின.

நீளத்தில் சேராது என்பதால் மட்டும் எந்த ஏணியையும் எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஆகிவிடாது. அதுவும் எனக்குத் தெரியும். என் கோரிக்கையே அதுதான். ஏணி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஏனென்றால் மோசமான ஏணிகள் நிறைய ஓடுகின்றன. என்னுடைய முதல் ஏணியே அப்படித்தான். ஒரு பட்டறையில் ஜி.ஐ. பைப்பை வளைத்து, கதவுத் தகட்டில் நேராகத் துளை போட்டு, செல்ஃப் ஸ்க்ரூவால் முடுக்கித் தந்தார்கள். கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூன்றாவது தரம் ஏறும்போது மேல் ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு அப்பளம் போல உப்பி எழுந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் போனேன். பஸ் பாடி கட்டுவதில் கரூரில் பல வருடம் கைபழகியவர் அவர். முதலில் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்.

ஆள் 75 கிலோ. ஏணியில் நிற்கும்போது உடம்பின் பாரம் கதவிலிருந்து ஓர் அடி வெளியே. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே ஐந்து அடி. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோ விசை, மேல் போல்ட்டுகளை வெளிப்பக்கம் இழுக்கிறது. கீழ் போல்ட்டுகளை அதே அளவு உள்ளே தள்ளுகிறது. "இது சும்மா நின்னா. தாவி ஏறினா இன்னும் கூடும்" என்றார். அந்த இழுப்பைக்கூட உள்ளே ஒரு தகடு வைத்துச் சமாளித்துவிடலாம், முழு 75 கிலோவும் கடைசியில் கீலில் போய்த் தொங்குகிறதே, அதுதான் கதவைத் தின்னும் என்றார். ஏணி பூட்டுப் பக்கம் போகப் போக கீலுக்குப் பாரம் கூடும். அதனால் இரட்டைக் கதவில் அன்றாடம் திறக்காத பக்கத்துக் கதவைத் தேர்ந்தெடுத்து, கீலை ஒட்டி மாட்டினார்.

உள் அட்டையைக் கழற்றி, பூட்டின் கம்பியும் விளக்கு ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்தபிறகுதான் டிரில்லைக் கையில் எடுத்தார். துளை போட்டதும் விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, பிரைமர் இரண்டு கோட். வெளியே ரப்பர் வாஷர், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதற்குப்பின் லாக் நட். அலுமினிய ஏணிக்கும் எஸ்.எஸ். போல்ட்டுக்கும் நடுவே நைலான் வாஷர். இரண்டு உலோகமும் மழைத் தண்ணீரில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்துப் போகுமாம். கடைசிப் படியை மடக்கிப் பூட்டும்படி செய்தார், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பையன்கள் தொற்றிக்கொள்ளாமல் இருக்க. மாட்டி முடித்ததும் உள்ளேயிருந்து இரண்டு கதவையும் திறந்து காட்டினார். வண்டி தீப்பிடித்தால் நாங்கள் வெளியே குதிக்கும் வழி அதுதானே.

இதையெல்லாம் சோதிக்க உங்களுக்கு மெஷின் எதுவும் தேவையில்லை. ஏணியைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள், கீல் தொய்ந்திருந்தால் பூட்டு சரியாக விழாது. உள்ளே கை விட்டுத் தகடு இருக்கிறதா என்று தடவுங்கள். ஏணியின் படி, எண் பலகையையோ விளக்கையோ மறைக்கிறதா என்று நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரவில் பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்று விதியே சொல்கிறது. வண்டியின் அகலத்துக்கு வெளியே ஏணி நீட்டிக்கொண்டிருந்தால் தயங்காமல் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

2017 டிசம்பரில் பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுகளைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு கடிதம் அனுப்பியபோது நான் அதை வரவேற்றவன். குறுக்கே வருகிறவரின் காலை ஒடிக்கிற இரும்பு அது. ஏணியும் அந்த வகைதான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பின்னால் வரும் பைக்காரர் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பம்பருக்கு உட்பட்டு, முனைகளை வளைத்து மூடி மாட்டச் சொல்லலாம். ஓடும் வண்டியின் கூரையில் ஆள் உட்காருவதைப் பிரிவு 123 ஏற்கெனவே தடுக்கிறது. அதை மீறுகிறவரைப் பிடியுங்கள், நான் சாட்சி சொல்ல வருகிறேன்.

எனக்கு வேண்டியது ஒரு பக்கச் சுற்றறிக்கை. சாமான் ஏற்றும் ஏணி பிரிவு 52 சொல்லும் மாற்றத்தில் சேருமா, சேராதா? சேரும் என்றால் எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம்? சேராது என்றால் எந்த அளவுக்குள், எப்படி மாட்ட வேண்டும்? அதை எழுதி எல்லா அலுவலகச் சுவரிலும் ஒட்டிவிட்டால் பட்டறைக்காரரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார். இப்போது அவர்கள், எப்படியும் ஒரு நாள் கழற்றச் சொல்வார்கள் என்று நினைத்து, சீக்கிரம் கழற்ற வசதியாகத்தான் மாட்டுகிறார்கள். செல்ஃப் ஸ்க்ரூ ஏணி அப்படித்தான் பெருகுகிறது.

என் ஏணி இப்போது வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தில் சாய்ந்திருக்கிறது. கதவிலுள்ள எட்டுத் துளைகளையும் ரப்பர் மூடி வைத்து அடைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் அவற்றில் இரண்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, உள் அட்டை நனைந்து, அடியில் துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பேனல் துடைக்க மறுபடி ஸ்டூல்தான். போல்ட்டும் நட்டும் வாஷரும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு டேஷ்போர்டில் இருக்கின்றன. சுற்றறிக்கை வந்த மறுநாள் வண்டியை உங்கள் முன்னால் நிறுத்துகிறேன். ஸ்பானர் பதின்மூன்று, நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிராவலர் வண்டிக்காரன்