எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

நீட் பயிற்சி மையங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

இரண்டாம் முறையாக நீட் எழுதவிருக்கும் ஒரு மாணவியின் தந்தை நான். மூன்று வாரங்களாக நாமக்கல், சேலம், திருச்சி என்று உங்கள் மையங்களில் ஏறி இறங்கிவிட்டேன். எல்லா இடத்திலும் நான் கேட்டது ஒன்றுதான்: சென்ற ஆண்டு உங்களிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது? ஒருவரும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் ஓர் இரவு, ஐந்து மையங்களின் கையேடுகளையும் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவற்றில் இரண்டில் ஒரே மாணவியின் படம் இருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். ஒன்றில் இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையும், மற்றதில் வெள்ளைக் கோட்டு. பெயரும் 720-க்கு எடுத்த மதிப்பெண்ணும் மாறவில்லை. மறுநாள் நேரில் போய் விசாரித்தேன். அந்த மாணவி இரண்டாவது மையத்தில் கடைசி ஐந்து வாரம் மாதிரித் தேர்வு மட்டுமே எழுதியவர் என்று வரவேற்பில் இருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் படத்தை நம்பித்தான் 1,40,000 ரூபாய் கட்டுவதென்று முடிவு செய்து, என் மனைவி தன் ஆரத்தைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்க எடுத்து வைத்திருந்தார்.

சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இடம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைக் கட்டண விவரத்தோடு இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024 ஜனவரியிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வகுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், கட்டணம் செலுத்திப் படித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டதும் தெரியும். தெரிந்தும் மறைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று 2006-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மருத்துவம் படித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருவர் உண்டு; அவர்களைப் பெற்றவர்கள் பயிற்சிக்கென்று ஒரு ரூபாயும் செலவழித்ததில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடாவது இருக்கிறது. என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அதுவும் இல்லை. 2017 முதல் நீட் கட்டாயமானதற்கு நீங்கள் காரணமில்லை என்பதை அறிவேன். ஆனால் வேறு வழியின்றி உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன். இந்த ஆண்டுச் சேர்க்கை முடிவதற்குள், சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் இடம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் வாசலில் தமிழில் எழுதி வையுங்கள். முந்நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் கிடைத்தது என்றாலும் அப்படியே எழுதுங்கள். பார்த்துவிட்டு, பணம் கட்டலாமா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
முசிறி வட்டத்திலிருந்து ஒரு தந்தை