ஆபிரிக்கத் தரைவழிப் பயணமும் விடுபட்டுப்போன மலேரியாக் குளிசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நைரோபியில் தொடங்கி, தன்சானியா, மலாவி, சாம்பியா, பொட்ஸ்வானா, நமீபியா ஆகிய நாடுகளூடாகத் தரைவழியே பயணித்துக் கேப் டவுனில் முடித்த தம்பதியரின் அனுபவத் தொடரைத் தங்கள் வாரமலரில் விடாமல் வாசித்து வந்தேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த இருவர், ஓய்வுபெற்ற வயதில், கூடாரத்தில் படுத்துறங்கித் தாமே சமைத்து உண்டு, செரெங்கெட்டிப் புல்வெளியையும் விக்ரோரியா நீர்வீழ்ச்சியையும் கண்டு திரும்பியிருப்பது எமது ஊருக்கே பெருமை. அதே வழியில் புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன். விசா, வாகன வாடகை, எல்லைக் கடவைகள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என எல்லாவற்றையும் விளக்கும் அத்தொடரில், மலேரியாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எவரும் மறப்பதில்லை. கென்யாவிலிருந்து தன்சானியாவுக்குள் நுழையும்போது அந்த அட்டையைக் கேட்பார்கள் என்பதே காரணம். மலேரியாத் தடுப்புக் குளிசையை உட்கொண்டீர்களா என்று எந்த எல்லையிலும் எந்த அதிகாரியும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாத காரணத்தாலேயே அது விடுபட்டுப்போகிறது. உலகின் மலேரியா நோயாளர்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஆபிரிக்காவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோரைத் தாக்குவது உயிராபத்து மிக்க பல்சிபாரம் வகை.

இந்தப் பாதையின் அமைப்பே பயணியை ஏமாற்றக்கூடியது. நைரோபி குளிர்ந்த மேட்டுநிலம். தன்சானியாவின் கொரொங்கோரோ எரிமலைவாயின் விளிம்பு ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இரவில் கம்பளியின்றி இருக்க முடியாது, நுளம்பும் அரிது. தொடக்க நாட்களை அங்கே கழித்தவர்கள் அச்சம் தெளிந்து, பின்னர் கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலுள்ள மலாவி ஏரிக்கரைக்கு இறங்குகிறார்கள். ஆண்டு முழுவதும் மலேரியா பரவும் இடம் அது. அடுத்து வரும் சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கும் சம்பேசி ஆற்றங்கரையும் அவ்வாறானவையே. 2021 இல் திறக்கப்பட்ட கசுங்குலா பாலத்தைக் கடந்து பொட்ஸ்வானாவுக்குள் சென்றால், சோபே, ஒக்கவாங்கோ, அதற்கப்பால் நமீபியாவின் வடபகுதி ஆகிய இடங்களில் மழைக்காலத்தையொட்டி ஆபத்து உயர்கிறது. பின்னர் வருவது பனிமூட்டம் சூழ்ந்த சுவாகொப்முண்ட் கடற்கரை. இறுதியாகக் கேப் டவுன். இவ்விரு இடங்களிலும் மலேரியா இல்லை.

ஆகவே கேப் டவுனை அடைந்ததும் "இனி எதற்குக் குளிசை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கேடு விளைவது இங்கேதான். சோபே ஆற்றங்கரையில் இறுதி இரவில் கடித்த நுளம்பு செலுத்திய கிருமி முதலில் ஈரலில் தங்கி வளர்ந்து, குறைந்தது ஒரு வாரம் சென்ற பின்னரே இரத்தத்துக்கு வருகிறது. வாரம் ஒருமுறை எடுக்கும் மெப்ளோகுயினும், நாள்தோறும் எடுக்கும் டொக்சிசைக்கிளினும் இரத்தத்திலுள்ள கிருமியையே அழிப்பவை என்பதால், ஆபத்தான பிரதேசத்தை விட்டு நீங்கிய பின்னரும் நான்கு வாரங்களுக்கு அவற்றைத் தொடர வேண்டும். மேலும், கூடாரப் பயணிகள் விறகு மூட்டிச் சமைக்கும் அந்திப்பொழுதில் தொடங்கி விடியும்வரை, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு கடிக்கிறது. எனவே குளிசை எடுப்பவருக்கும் முழுக்கைச் சட்டை, பூச்சுமருந்து, நுளம்பு வலை ஆகிய மூன்றும் வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றிய காலத்தில், கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் குளிர்காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தவர்களின் வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். இன்றைய இளைஞர்கள் அதனை அறியார்கள். உள்நாட்டிலேயே நிலைத்துப் பரவிய மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அளப்பரிய உழைப்பின் பயன் இது. ஆயினும் "நாமும் வெப்பநாட்டவர்தாமே, நுளம்பு எமக்குப் பழக்கம்" என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அது முற்றிலும் தவறானது. அடிக்கடி தொற்றுவதால் உண்டாகும் ஓரளவு எதிர்ப்புச் சக்திகூட இப்போது எமது உடலில் இல்லை.

நாடு திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், எமது மாவட்டத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. இரண்டிலும் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதால் குழப்பம் மேலும் கூடுகிறது. மலேரியாவையே கண்டிராத இளம் வைத்தியர்களைக் குறைகூற முடியாது. நோயாளிதான் "நான் ஆபிரிக்காவுக்குச் சென்று வந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். காய்ச்சல் நீடித்தால் மறுபடியும் செய்விக்க வேண்டும். பல்சிபாரம் மலேரியா, காய்ச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள்ளேயே கடுமையாகிவிடக்கூடியது.

இது அந்தப் பயணி ஒருவரின் உயிரோடு முடிகிற காரியமும் அன்று. நோயோடு திரும்பியவரைக் கடிக்கும் நுளம்பு வழியாக இங்குள்ள மற்றவர்களுக்கும் அது மீண்டும் பரவலாம். கிருமியைக் காவும் அனோபிலிஸ் நுளம்புகள் இந்நாட்டிலிருந்து ஒழியவில்லை. கோடையில் ஆறு வற்றும்போது மணற்குழிகளில் தேங்கும் நீரில் ஓர் இனம் பெருகுகிறது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் வேறோர் இனம் மன்னாரில் கண்டறியப்பட்டிருக்கிறது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்கள் மட்டுமே என்ற நிலைக்கு வந்திருந்த இலங்கையில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர்.

தடுப்புக் குளிசைகளைச் சுகாதார அமைச்சின் மலேரியா தடை இயக்கம் இலவசமாகவே வழங்குகிறது. மெப்ளோகுயினைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதால், விமானச்சீட்டு எடுத்தவுடனேயே அவர்களை நாடுவது நல்லது. வலிப்பு அல்லது மனநோய் இருந்தவர்களுக்கு அம்மருந்து பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டொக்சிசைக்கிளின் கொடுப்பதில்லை. ஆதலால் மற்றவர் எடுத்த குளிசையைத் தாமும் எடுக்காமல், வைத்தியர் தெரிவுசெய்து தருவதையே எடுக்க வேண்டும்.

தொடரின் இறுதிப் பகுதி வெளிவரும் வாரத்தில், இவ்விபரங்களை ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிடுமாறு தங்களை அன்புடன் வேண்டுகிறேன். அத்தம்பதியர் திரும்பி அதிக காலம் ஆகவில்லை என்று அறிகிறேன். அடுத்த சில மாதங்களுக்குள் அவர்களில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், அது எவ்வளவு இலேசானதாக இருப்பினும், அன்றே வைத்தியசாலைக்குச் சென்று மலேரியாப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு இக்கடிதம் வாயிலாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
திருகோணமலை.